ஊருக்குப் போறோம், நாயை யாரு பாத்துக்கறது?

டிக்கெட் போட்டாச்சு. டொரண்டோவுல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வரணும்னு நாலஞ்சு வருஷமா பேச்சு. இந்தத் தடவை விசாவும் வந்துடுச்சு. தங்கமணி பருப்புப்பொடி, வத்தக்குழம்புப் பொடி, மாவடுன்னு பட்டியல் போட ஆரம்பிச்சாச்சு. பேங்க் வேலை, கேஸ், பால்காரர், பேப்பர்காரர் எல்லாத்துக்கும் ஏற்பாடு ஆச்சு. ராத்திரி படுக்கப் போறப்போ தங்கமணி ஒரு கேள்வி கேட்டாங்க.

"எல்லாம் சரி. கறுப்பனை என்ன பண்றது?"

கறுப்பன் எங்க வீட்டு நாலுகால் பிள்ளை. வயசு ஏழு. வம்சம் கோத்திரம் எதுவும் கிடையாது. ஒரு ஐப்பசி மழையில சாக்கடை ஓரமா நடுங்கிட்டு இருந்ததைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தேன். அன்னிலேர்ந்து வாசல் திண்ணை அவனுக்கு, மிச்ச வீடு எங்களுக்கு. (இப்போ மிச்ச வீட்டுலயும் பாதி அவனுக்குத்தான்.)

பையன் பெங்களூர்ல அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டுக்காரர் நாய்னாலே ஆகாதுன்னுட்டார். புறநகர்ல ஒரு நாய் ஹாஸ்டல் இருக்குன்னு சொன்னாங்க, போய்ப் பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமா இருந்தது. கேமரா வச்சிருக்காங்க, டொரண்டோவுல உக்காந்துகிட்டே போன்ல பாத்துக்கலாமாம். ஆனா கறுப்பன் உள்ளே நுழையவே இல்லை. வாசல்ல நாலு காலையும் ஊணி நின்னுட்டான். திரும்பி வர்ற வழி பூரா ஆட்டோவுல என் மடியிலேர்ந்து தலையை எடுக்கலை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கவலை வந்தா பழைய புத்தகத்தைப் புரட்டுவேன். "இந்தப் பிரச்சினை நமக்கு மட்டுமா? காலங்காலமா மனுஷன் ஊருக்குப் போயிட்டுத்தானே இருக்கான், வீட்டு நாய் பூனையை எல்லாம் என்ன பண்ணினான்?"னு தேட ஆரம்பிச்சேன். ஒரு வாரம் அதுலயே போச்சு. தேடித் தேடி கடைசியில வந்து நின்ன இடம் எனக்கே சங்கடமான இடம். அதைத்தான் எழுதப் போறேன்.

* * *

முதல்ல கிரேக்கத்துக்குப் போவோம். ஹோமரோட ஒடிசி காவியம் தெரிஞ்சிருக்கும். அதுல பதினேழாவது பகுதியில ஒரு நாய் வருது. பேரு ஆர்கோஸ். ஒடிசியஸ் குட்டியிலேர்ந்து வளர்த்த வேட்டை நாய். அது வளர்ந்து வேட்டைக்குத் தயாராகறதுக்குள்ள எஜமானர் டிராய் யுத்தத்துக்குக் கிளம்பிடறார். யுத்தம் பத்து வருஷம், திரும்பி வர பத்து வருஷம். இருபது வருஷம் கழிச்சு பிச்சைக்கார வேஷத்துல ஊருக்கு வர்றார். அரண்மனை வாசல்ல, வயலுக்கு அடிக்கறதுக்காகக் குவிச்சு வச்சிருக்கற சாணக்குப்பை மேல உண்ணி மொய்க்க ஒரு கிழட்டு நாய் கிடக்குது. யாருக்கும் அடையாளம் தெரியாத அந்தப் பிச்சைக்காரனை நாய்க்கு மட்டும் தெரிஞ்சிடுது. எழுந்து வரத் தெம்பில்லை. வாலை ஆட்டுது, காதைத் தாழ்த்துது, அப்புறம் செத்துப் போகுது. ஒடிசியஸ் யாருக்கும் தெரியாம கண்ணைத் துடைச்சுக்கறார்.

நாயோட நன்றிக்கு உதாரணமா உலகம் பூரா இந்தக் காட்சியைத்தான் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் படிச்சிருந்தேன். இந்தத் தடவை வேற கேள்வி வந்தது. அந்த இருபது வருஷமும் நாய்க்குச் சோறு போட்டது யாரு?

வீட்டுல ஆள் இல்லாம இல்லை. பொண்டாட்டி இருக்காங்க, பிள்ளை இருக்கான், வேலைக்காரங்க கூட்டமா இருக்காங்க. பெனலப்பியைக் கட்டிக்கறேன்னு வந்து டேரா போட்ட 108 பேர் தினம் ஆடும் பன்னியும் அடிச்சு விருந்து சாப்பிட்டுட்டு இருக்காங்க. ஒரு எலும்புத்துண்டு வாசலுக்கு வந்திருந்தா போதும். பன்னி மேய்க்கற யூமேயஸ் அந்த இடத்துலயே காரணத்தையும் சொல்லிடறார்: எஜமானன் தலை மறைஞ்சா வேலைக்காரங்க வேலையை ஒழுங்கா செய்ய மாட்டாங்க. ஆக, உலக இலக்கியத்தோட பழைய நாய்க்கதைகள்ல ஒண்ணு, பொறுப்பை யார்கிட்டயும் ஒப்படைக்காமப் போன ஒரு வீட்டோட கதை.

அடுத்தது நிஜ வரலாறு. கி.மு. 480. பாரசீக மன்னன் செர்க்சஸ் பெரும்படையோட ஏதென்ஸை நோக்கி வர்றான். ஊரையே காலி பண்ணிட்டு ஜனங்க கப்பல் ஏறினாங்க. அந்த நாளைப் பத்தி புளூடார்க் எழுதியிருக்கார். வளர்த்த பிராணிகள் எல்லாம் கரையில நின்னு ஊளையிட்டுக்கிட்டே எஜமானர்கள் பின்னாடி ஓடினதாம். சாந்திப்பஸ்னு ஒருத்தர், பிற்காலத்துல ஏதென்ஸையே நடத்தின பெரிக்ளீஸோட அப்பா. அவரோட நாய் கடல்ல குதிச்சு கப்பல் பக்கத்துலயே நீந்திக்கிட்டு சலாமிஸ் தீவு வரைக்கும் போச்சு. கரை ஏறின உடனே விழுந்து செத்துப் போச்சு. அதைப் புதைச்ச இடத்துக்கு 'நாயின் சமாதி'ன்னே பேரு.

இதையும் விசுவாசத்துக்குத்தான் உதாரணமா சொல்றாங்க. சரிதான். ஆனா கப்பல்ல ஒரு நாய்க்கு இடம் இல்லாமலா போச்சு?

* * *

யுத்தம், காவியம் எல்லாம் பெரிய விஷயம். நம்ம மாதிரி சாதாரணமா விடுமுறைக்குப் போறவங்க கதைக்கு வருவோம். அதுக்கு லண்டன்தான் சரியான ஊர்.

18ஆம் நூற்றாண்டுல அகராதி எழுதின சாமுவேல் ஜான்சன் ஒரு பூனை வளர்த்தார். பேரு ஹாட்ஜ். அதுக்குச் சிப்பி பிடிக்கும். அப்போ லண்டன்ல சிப்பி மலிவு. வீட்டுல வேலையாள் இருந்தும் ஜான்சன் தானே கடைக்குப் போய் வாங்கிட்டு வருவாராம். காரணத்தை பாஸ்வெல் எழுதி வச்சிருக்கார். பூனைக்காக அலைய வச்சா வேலைக்காரங்களுக்குப் பூனை மேலயே வெறுப்பு வந்துடுமோன்னு பயம். எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமா புரிஞ்சு வச்சிருக்கார் பாருங்க. பிராணியை அடுத்தவங்க தலையில கட்டினா, கட்டின எரிச்சலைப் பிராணி மேலதான் காட்டுவாங்க.

19ஆம் நூற்றாண்டு லண்டன்ல 'பூனைக்கறிக்காரர்'னு ஒரு தொழிலே இருந்தது. பூனைக்கறின்னா பூனையோட கறி இல்லை, பூனைக்கான கறி :-) குதிரை இறைச்சியை வேகவச்சுத் துண்டு போட்டு மரக்குச்சியில குத்தி, தள்ளுவண்டியிலயோ கூடையிலயோ வச்சுத் தெருத்தெருவா வருவார். தெருப் பூனைகள் எல்லாம் பின்னாடியே ஓடும். வீட்டுல ஆள் இல்லைன்னா கதவுல இருக்கற தபால் துவாரம் வழியா ஒரு குச்சியை உள்ளே தள்ளிட்டுப் போயிடுவார். நம்ம ஊர்ல பால்காரர் பையில பாக்கெட்டைப் போட்டுட்டுப் போற மாதிரி.

ஆனா கோடை வந்தா கதை மாறிடும். ஆகஸ்ட் மாசம் வசதியுள்ள குடும்பங்கள் எல்லாம் கடற்கரைக்கும் கிராமத்து மாளிகைக்கும் கிளம்பிடுவாங்க. ஜன்னல் எல்லாம் மூடி, வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. பூனை? அது வெளியே. "பூனைதானே, எலி பிடிச்சுப் பொழைச்சுக்கும்"ங்கற நினைப்பு. வாரக்கணக்குல பட்டினி கிடந்து பூட்டின வாசப்படியிலயே செத்துப் போன பூனைகளைப் பத்தி லண்டன் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதங்கள் வந்துக்கிட்டே இருந்தது. அனாதை நாய்களுக்காக மேரி டீல்பிங்கற அம்மா 1860ல ஹாலோவேல ஆரம்பிச்ச காப்பகம் 1871ல பாட்டர்ஸீக்கு மாறிச்சு. 1883லேர்ந்து பூனைகளையும் சேர்த்துக்கிட்டாங்க. ஆரம்பத்துல பத்திரிகைகள் அந்த அம்மாவைக் கேலிதான் பண்ணின. அந்தக் காப்பகம் இன்னிக்கும் இருக்கு.

இதே பிரச்சினையை அமெரிக்காவுல ஒருத்தர் தலைகீழா யோசிச்சுத் தீர்த்தார். மார்க் ட்வைன். 1906 கோடையை நியூ ஹாம்ப்ஷயர்ல டப்ளின்ங்கற சின்ன ஊர்ல கழிச்சார். வயசு எழுபது. மனைவி இறந்து ரெண்டு வருஷம். சுயசரிதையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டிருந்த காலம். பூனை இல்லாம அவரால இருக்க முடியாது. ஆனா ஒரு பூனையை வாங்கினா, கோடை முடிஞ்சு கிளம்பறப்போ அதை அம்போன்னு விட்டுட்டுப் போகணும். அதனால மூணு பூனைக்குட்டிகளை வாடகைக்கு எடுத்தார்! ஆமாங்க, வாடகைக்கு. தான் போனதுக்கு அப்புறமும் குட்டிகளை நல்லா பாத்துக்கற அளவுக்குப் பணம் சேர்த்தே கொடுத்தார். ஒண்ணுக்குப் பேரு 'சாக்குத்துணி', மத்த ரெண்டும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்ததால ரெண்டுக்கும் சேர்த்து 'சாம்பல்'னு ஒரே பேரு.

சிரிப்பா இருந்தாலும் மனுஷன் கெட்டிக்காரர். வர்ற அன்னிக்கே போற நாளை நினைச்சிருக்கார்.

நம்ம ஊர்லயும் இந்த அறிவு இல்லாம இல்லை. ஆடு மாட்டை வாரத்துக்கு விடறதுன்னு கிராமத்துல ஒரு வழக்கம் உண்டு. வளர்க்க முடியாதவங்க இன்னொருத்தர்கிட்ட விடுவாங்க, பொறக்கற கன்னுல குட்டியில ரெண்டு பேருக்கும் பங்கு. வளர்க்கறவருக்கு அதுல லாபம் இருக்கு, அதனால மாடு பட்டினி கிடக்காது. நாய்க்கு அப்படி என்ன பங்கு கொடுக்க முடியும்? "கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நாம கொடுக்கறது.

* * *

இப்போ ஹாச்சிகோ. டோக்கியோ ஷிபுயா ஸ்டேஷன் வாசல்ல சிலையா நிக்கற நாய். கதை எல்லாருக்கும் தெரியும். பேராசிரியர் உவேனோவை ரயிலேத்தி விடப் போகும், சாயங்காலம் கூட்டிட்டு வரப் போகும். 1925 மே 21ஆம் தேதி அவர் வேலை பார்த்த இடத்துலயே மூளையில ரத்தக்கசிவு வந்து இறந்துட்டார். அது தெரியாம நாய் கிட்டத்தட்ட பத்து வருஷம், 1935 மார்ச் 8 சாகற வரைக்கும், ஸ்டேஷனுக்கு வந்துக்கிட்டே இருந்தது.

ஹாச்சி அவர் வீட்டுக்கு வந்ததே 1924 ஜனவரியில. ரெண்டும் சேர்ந்து இருந்தது ஒண்ணரை வருஷம்கூட இல்லை. அவர் போன பிறகு, கூட வாழ்ந்த அம்மாவுக்குச் சட்டப்படி மனைவிங்கற உரிமை இல்லாததால அவங்களே அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு. நாய் ஒரு வீட்லேர்ந்து இன்னொரு வீட்டுக்குக் கை மாறிச்சு. எங்கேயும் நிலைக்கலை. கடைசியில ஷிபுயா பக்கத்துல குடியிருந்த கோபயாஷிங்கறவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் பேராசிரியர் வீட்டுல முன்னாடி தோட்டவேலை பார்த்தவர்.

ஸ்டேஷன்லயும் ஆரம்பத்துல யாரும் கொஞ்சலை. பெரிய நாய் வழியில படுத்திருக்குன்னு விரட்டினாங்க, அடிச்சாங்க. 1932ல பத்திரிகையில செய்தி வந்த பிறகுதான் எல்லாரும் தின்பண்டம் கொண்டாந்து போட ஆரம்பிச்சாங்க. 1934ல சிலை வச்சப்போ ஹாச்சி உயிரோட இருந்தது. செத்த பிறகு வயித்தை அறுத்துப் பார்த்தப்போ கோழிக்கறி குத்தற மரக்குச்சிகள் கிடந்துச்சாம்.

சிலை நாய்க்கு. சரி. தினம் சாயங்காலம் அது திரும்பிப் போக ஒரு வீடும் தட்டுல சாப்பாடும் வச்சிருந்தாரே அந்தத் தோட்டக்காரர், அவரை யாருக்காவது ஞாபகம் இருக்கா?

இதைப் படிச்சுட்டுத்தான் புத்தகத்தை மூடி வச்சேன். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1988. எங்க ரெண்டாவது குழந்தைக்கு அப்போ மூணு வயசு. அப்பாவோட அஸ்தியைக் கரைக்கணும்னு காசிக்குப் போனோம். அப்படியே கயா, அலகாபாத், டெல்லின்னு பன்னெண்டு நாள். வீட்டுல ஜிம்மின்னு ஒரு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். "ஜிம்மியைப் பாத்துக்கோப்பா." அவ்வளவுதான். பணம் கொடுக்கலை, அரிசி கொடுக்கலை. ரெண்டு பிரெட் பாக்கெட்டைக் கேட்டு மேல வச்சேன். அதுவே பெரிய ஏற்பாடுன்னு நினைச்சேன்.

மூணாம் நாள் அந்தப் பையனோட பாட்டிக்கு உடம்பு முடியலைன்னு ஊர்லேர்ந்து தந்தி. குடும்பத்தோட கிளம்பிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? கிளம்பற அவசரத்துல யார்கிட்ட நாயைப் பத்திச் சொல்லுவாங்க? காசியில இருந்த எனக்குத் தகவல் சொல்ல வழியும் இல்லை.

நாங்க திரும்பி வந்தப்போ ஜிம்மி இல்லை. எதிர்வீட்டு மாமிதான் சொன்னாங்க. ஆறு நாள் கேட்டை விட்டு நகரலையாம். மாமி போட்ட தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துட்டு வச்சுட்டுதாம். ஆட்டோ சத்தம் கேட்டா மட்டும் எழுந்து நிக்குமாம். ஏழாம் நாள் காலையில பஸ் ஸ்டாண்ட் பக்கமா நடந்து போனதாம். ரெண்டு வாரம் சைக்கிள்ல சுத்தித் தேடினேன். கிடைக்கலை.

இதுக்கப்புறம் நான் பண்ணினதுதான் இன்னும் மோசம். இந்தக் கதையைப் பல வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன். "எங்க ஜிம்மி மாதிரி விசுவாசம் வருமா? ஆறு நாள் சாப்பிடாம எனக்காகக் காத்திருந்துச்சு." கேட்டவங்களும் உச்சு கொட்டினாங்க. என் பிள்ளைங்களும் அப்படியே கேட்டு வளர்ந்தாங்க. ஆர்கோஸ், சாந்திப்பஸ் நாய், ஹாச்சின்னு வரிசையா படிச்சப்போதான் உறைச்சது. நாயோட விசுவாசத்தைப் பத்தின கதைகள்ல பாதிக்கு மேல, மனுஷன் ஏற்பாடு சரியா பண்ணாத கதைகள். ஏற்பாடு சரியா இருந்திருந்தா அங்கே கதையே இருந்திருக்காது. நாய் நேரத்துக்குச் சாப்பிட்டுட்டுத் தூங்கியிருக்கும். நம்ம தப்பை நாம அதோட பெருமையா மாத்திக்கறோம்.

* * *

ஏற்பாடே பண்ண முடியாதுன்னு ஒரு ஊரே முடிவு பண்ணினா என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கு.

1939 கோடை. யுத்தம் வரப்போகுதுன்னு பிரிட்டன்ல எல்லாருக்கும் தெரியும். விமானத் தாக்குதல் சமயத்துல பிராணிகளை என்ன செய்யறதுன்னு யோசனை சொல்ல அரசாங்கம் ஒரு குழுவை அமைச்சது. அவங்க ஒரு துண்டுப் பிரசுரம் போட்டாங்க. முடிஞ்சா முன்கூட்டியே கிராமப்புறத்துக்கு அனுப்பிடுங்க, இல்லைன்னா அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது ஒப்படையுங்க, அதுவும் முடியலைன்னா கொன்னுடறதுதான் கருணைன்னு சாரம். கூடவே பிராணிகளைக் கொல்ற துப்பாக்கிக்கு விளம்பரம் வேற.

கவனிங்க, யாரும் கட்டளை போடலை. குண்டும் விழலை. செப்டம்பர் 1ஆம் தேதி பள்ளிக் குழந்தைகளை ஊரை விட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க, 3ஆம் தேதி யுத்தம் அறிவிச்சாங்க. ஜனங்க நாயையும் பூனையையும் தூக்கிக்கிட்டு மருத்துவமனை வாசல்ல வரிசையில நின்னாங்க. முதல் வாரத்துல லண்டன்ல மட்டும் சுமார் 4 லட்சம் பிராணிகள் கொல்லப்பட்டதா, இதைப் பத்தி 2017ல தனிப் புத்தகமே போட்ட வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் கணக்குச் சொல்றார். நாடு முழுக்க ஏழரை லட்சம்னும் ஒரு கணக்கு உண்டு. இடங்கொள்ளாத கூட்டம். பிராணிநலச் சங்கங்களே வேண்டாம், பொறுங்கன்னு சொல்லியும் கேக்கலை.

லண்டன் மேல பெரிய குண்டுவீச்சு ஆரம்பிச்சது 1940 செப்டம்பர் 7ஆம் தேதி. முழுசா ஒரு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள ஊரை விட்டுப் போன குழந்தைகள்ல நிறைய பேர் வீட்டுக்குத் திரும்பியே வந்துட்டாங்க. வந்து, "நம்ம பூனை எங்கேம்மா?"ன்னு கேட்டிருக்கும். என்ன பதில் சொல்லியிருப்பாங்க?

அந்தச் சமயத்துலயும் வேற மாதிரி யோசிச்சவங்க இருந்தாங்க. ஹாமில்டன் சீமாட்டி நினா, ஃபெர்ன்ங்கற தன்னோட பண்ணை மாளிகையையே நாய் பூனைகளுக்குத் திறந்து விட்டார். பாட்டர்ஸீ காப்பகம் யுத்தம் முடியற வரைக்கும் கதவை மூடலை.

லண்டனை மட்டும் சொல்லிட்டு நம்ம ஊரை விட்டா நியாயமில்லை. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டதும் சென்னை கதிகலங்கிப் போச்சு. அரசாங்க அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாத்தினாங்க. ஜனங்க கிடைச்ச ரயில்ல ஏறிக் கிராமத்துக்குப் போனாங்க. அப்போ மிருகக்காட்சிசாலை மூர் மார்க்கெட் பக்கத்துல, பீப்பிள்ஸ் பார்க்ல இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடுமேன்னு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாத்தையும் சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் சென்னை மேல நடந்தது, 1943 அக்டோபர்ல ஒத்தை ஜப்பான் விமானம் வந்து சில குண்டு போட்டுட்டுப் போனது மட்டும்தான். கூண்டு உடையவே இல்லை. நான் இருக்கறது தாம்பரம் பக்கம். 1985ல வண்டலூருக்கு மாறின பிறகு பேரப்பிள்ளைங்களோட எத்தனையோ தடவை அந்தக் காட்சிசாலைக்குப் போயிருக்கேன். இந்தக் கதை தெரிஞ்சது சமீபத்துலதான்.

ஏற்பாடு இல்லைன்னா மனுஷனுக்கும் ஆபத்துங்கறதை 2005ல கத்ரீனா புயல் காட்டிச்சு. நியூ ஆர்லியன்ஸ்ல நிவாரண முகாம்கள்லயும் பஸ்கள்லயும் பிராணிகளைச் சேர்க்கலை. அதை விட்டுட்டு வரமாட்டேன்னு தண்ணி ஏறின வீட்டுலயே தங்கிட்டவங்க நிறைய பேர். பஸ் ஏறப்போன ஒரு சின்னப் பையன் கையிலேர்ந்து நாய்க்குட்டியைப் பிடுங்கின செய்தியைப் படிச்சு அமெரிக்காவே கொதிச்சது. அடுத்த வருஷமே, 2006ல, பேரிடர் திட்டம் போடறப்போ வளர்ப்புப் பிராணிகளுக்கும் சேர்த்துத் திட்டம் போடணும்னு சட்டம் வந்தது. ஏதென்ஸ்காரங்க கப்பல் ஏறி சுமார் 2,500 வருஷம் கழிச்சு!

* * *

சரி, கறுப்பன் விஷயத்துக்கு வர்றேன்.

எங்க தெருமுனையில இஸ்திரி வண்டி வச்சிருக்கற தம்பதி இருக்காங்க. கறுப்பனுக்குக் குட்டியிலேர்ந்து பழக்கம். மத்தியானம் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்குவான், கரி சூட்டையும் பொருட்படுத்தாம. அந்த அம்மாகிட்ட போய்க் கேட்டேன். ரெண்டு மாசம் எங்க வீட்டு முன்கட்டுல தங்கிக்கணும், கறுப்பனைப் பாத்துக்கணும், மாசம் இவ்வளவு தர்றேன்னேன்.

"நாய்க்குச் சோறு போடறதுக்குப் போயி காசா சார்? நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியா இருந்தா, "ரொம்ப நல்ல மனசும்மா"ன்னு சொல்லிட்டுப் பிரெட் பாக்கெட்டைக் கேட்டு மேல வச்சுட்டுப் போயிருப்பேன். இப்போ ட்வைன் தாத்தா பின்னாடி நின்னு முறைக்கற மாதிரி இருந்தது :-) ரெண்டு மாசப் பணத்தையும் முன்னாடியே கையில கொடுத்தேன். அரிசியும் கோழிக்கும் தனியா. அவங்களுக்கு ஏதாவது அவசரம்னா பொறுப்பெடுத்துக்க ரெண்டாவது ஆளா, அடுத்த தெருவுல இருக்கற என் பழைய ஆபீஸ் நண்பர். அவர்கிட்ட ஒரு சாவி. கால்நடை டாக்டர் நம்பர், தடுப்பூசி அட்டை, இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடுவான்ங்கறது வரைக்கும் ஒரு தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டியாச்சு. தங்கமணி அதைப் படிச்சுட்டு, "என்னைக் கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல எனக்கு என்ன பிடிக்கும்னு இவ்வளவு எழுத வருமா உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. அவ்வ்வ்.

எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க, போன வாரம் நாலு நாள் கும்பகோணம் போய்ட்டு வந்தோம். வெள்ளோட்டம்னு வச்சுக்கங்களேன். முதல் நாள் ராத்திரி அந்த அம்மா போன் பண்ணினாங்க. "சோறு வச்சேன் சார், திங்கலை. கேட்டுக்கிட்டயே உக்காந்திருக்கு." எனக்கு மாயவரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே திரும்பி வந்துடலாமான்னு இருந்தது. தங்கமணிதான் பிடிச்சு உக்கார வச்சாங்க. மறுநாள் காலையில திரும்ப போன். "கேட்டுக்கிட்டப் போயி நானும் உக்காந்துக்கிட்டேன். கொஞ்சங் கொஞ்சமா கையில வச்சுக் குடுத்தேன். தின்னுருச்சு."

நாலாம் நாள் ஆட்டோவுலேர்ந்து இறங்கினேன். கறுப்பன் திண்ணையில படுத்திருந்தான். வழக்கமா பாஞ்சு வந்து மேல விழுவான். அன்னிக்கு எழுந்து நின்னு வாலை ஆட்டினான், திரும்பி உள்ளே அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தான், அப்புறம்தான் என்கிட்ட வந்தான். வயிறு ரொம்பியிருந்தது.

ஒரு நிமிஷம் பொறாமையா இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஜிம்மி ஞாபகம் வந்தது. நல்லவேளை, கறுப்பனைப் பத்திச் சொல்ல என்கிட்ட ஒரு கதையும் இல்லை.

பி.கு: கோடை லீவுக்கு, தீபாவளிக்கு, அமெரிக்காவுக்குன்னு கிளம்பற மக்களே, உங்க வீட்டு நாலுகால் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு பண்றீங்கன்னு சொல்லுங்க. ரெண்டாவது ஆள் யாருங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.